இலை உதிராத ஊரில் இயற்கை நடை: வைப்பாற்றங்கரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

'இலையுதிர் காலம்' என்ற சொல் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் செப்டம்பர் கடைசியிலிருந்து மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறி இலை கொட்டுகின்றன. அந்த நாட்களில் ஆற்றோரம் நடந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வருவது அங்கே ஒரு பண்பாட்டுப் பழக்கம். நம்ம கரிசல் காட்டில் அதே மாதங்களில் நடப்பது நேர்எதிரானது. வேம்பு இங்கே இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசியில் எல்லாம் துளிர்க்கிறது. பாளம் பாளமாகப் பிளந்து கிடந்த கரிசல் முதல் இரண்டு மழையில் வாயை மூடிக்கொள்கிறது. செருப்போடு அதில் கால் வைத்தால் செருப்பு மண்ணுக்கு, கால் நமக்கு.

இந்தப் பருவத்துக்குத் தமிழ் மரபு வைத்திருக்கும் பெயர் கூதிர். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இரண்டு மாதம். தொல்காப்பியம் இதைக் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதுகளில் ஒன்றாக வைக்கிறது. ஆனால் விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் ஐப்பசி என்றால் யாருக்கும் குறிஞ்சி நினைவுக்கு வருவதில்லை. தீபாவளிதான் நினைவுக்கு வருகிறது. வருஷம் முழுக்க உருட்டி, அடைத்து, காயவைத்து, பெட்டி போட்டு அனுப்பிய வெடி நாடெங்கும் வெடித்துத் தீரும் மாதம் அது. போனஸ் கைக்கு வந்து, ஆலைகள் மூடி, ஆட்கள் ஊரில் இருக்கும் மாதமும் அதுவே. அதே நாட்களில்தான் வானம் கறுத்து வைப்பாற்றில் தண்ணீர் வருமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆக, இங்கே கூதிரில் ஆற்றோரம் நடக்கிறவர் கண்ணில் இரண்டு காரியம் ஒரே சமயத்தில் படுகிறது: இயற்கை என்று நாம் சொல்வது, உழைப்பு என்று நாம் சொல்வது. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். 'இயற்கை நடை' என்கிற நகரத்துப் பழக்கம் இயற்கையிலிருந்து உழைப்பைக் கழித்துவிடுகிறது. 'வறண்ட பூமி, அதனால் பட்டாசு' என்கிற உள்ளூர்க் கதையோ உழைப்பையே இயற்கையாக்கிவிடுகிறது. மேலுக்கு எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டும் ஒரே சொல்லாடலின் இரண்டு கைகள் என்பதுதான் இந்தக் குறிப்புகள் சொல்ல வருவது.

2

ஆற்றங்கரையில் நடப்பதற்கென்றே பாதை போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் பாஸ்டன் நகரத்துக்காக வடிவமைத்த பூங்காத் தொடரை இதன் முன்னோடி என்பார்கள். 'மரகத மாலை' என்று அதற்குப் பெயர். அதன் ஒரு பகுதி, சாக்கடை கலந்து நாறிக்கிடந்த கழிமுகச் சதுப்பு. வெள்ளத்தையும் கழிவுநீரையும் சமாளிக்கப் போட்ட பொறியியல் திட்டமே பூங்காவாகவும் உருவெடுத்தது. அழகு பின்னால் வந்தது, சாக்கடைதான் முதலில். பிறகு இருபதாம் நூற்றாண்டில் ஆறு, கைவிடப்பட்ட ரயில் தடம், கால்வாய் ஆகியவற்றை ஒட்டிய நடைபாதைகள் 'பசுமைவழி' என்ற பெயரில் ஓர் இயக்கமாகவே பரவின. சார்லஸ் லிட்டில் 1990இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

இந்த மாதிரிதான் ஆசிய நகரங்களுக்கும் இறக்குமதியானது. தென்கொரியத் தலைநகர் சோலில் செயோங்கியெசெயோன் என்ற ஓடையை மூடிப் போட்டிருந்த மேம்பாலச் சாலையை இடித்து, 2005இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். உலகமே மெச்சியது. ஆனால் அதில் ஓடும் தண்ணீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றப்படுகிறது. அந்தச் சாலையை அண்டிப் பிழைத்த தெருவோர வியாபாரிகள் வேறிடம் போக வேண்டியதாயிற்று. அகமதாபாத்தில் சபர்மதிக் கரையை நடைபாதையாக்கியபோது கரையில் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரத்தின் ஓரங்களுக்குத் தூக்கி எறியப்பட்டன. அங்கே ஆற்றை நிரப்புவது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரைக் குடிசைகள் அகற்றப்பட்டு, மக்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களில் அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள். ஆற்றை 'மீட்டெடுக்கும்' வேலை அதே மூச்சில் நடந்தது.

மூன்று இடத்திலும் நடந்தது ஒன்றுதான். கரையில் வேலை செய்தவர்களும் வாழ்ந்தவர்களும் விலக்கப்பட்ட பிறகே அந்தக் கரை 'இயற்கை'யாகிறது. பார்க்க வருகிறவருக்கு அங்கே யாரும் இருந்ததாகத் தெரியாது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியான 'நாடும் நகரமும்' நூலில் இதை ஆங்கிலக் கவிதையை வைத்து விளக்குகிறார். பிரபுக்களின் பண்ணை வீட்டைப் புகழும் பழைய கவிதைகளில் பழம் தானாகக் கைக்கு வரும், மீன் தானாக வலையில் விழும். பறித்தவரும் பிடித்தவரும் கவிதையில் இருக்கமாட்டார்கள். 'நிலக்காட்சி' என்ற ஒன்று உருவாவதற்கே வேலையிலிருந்து விலகி நின்று பார்க்கிற ஓர் ஆள் வேண்டும் என்கிறார் அவர். ஆற்றோர நடைபாதை என்பது அந்த விலகி நிற்றலைச் சிமெண்டில் போட்டு வைப்பது.

'பசுமை' என்ற அடைமொழிக்கு நம்ம பக்கத்தில் இன்னொரு கதையும் உண்டு. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்தத் தடை விதித்து, புகை குறைந்த 'பசுமைப் பட்டாசு'களை மட்டுமே அனுமதித்தது. வானத்தில் பச்சை நிறம் விரிவதற்குப் பட்டாசில் வழக்கமாகச் சேர்க்கும் சரக்கு பேரியம் நைட்ரேட். ஆகவே பசுமைப் பட்டாசு என்பது பச்சையைப் பறிகொடுத்த பட்டாசு! வேடிக்கை ஒருபக்கம் இருக்கட்டும். காற்று மாசு பற்றிய கேள்வி நியாயமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் 'பசுமை'க்குள் வெடி வாங்குகிறவரின் மூச்சுக்கு இருக்கிற இடம், வெடி செய்கிறவரின் கைக்கும் கண்ணுக்கும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

3

வில்லியம்ஸைப் படித்துவிட்டு, 'நம்ம மரபில் அப்படிப் பிரிவினை கிடையாது' என்று பெருமைப்பட்டுக்கொள்வது சுலபம். அதில் உண்மையும் இருக்கிறது. திணைக் கோட்பாட்டில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றில் பிறக்கிறவை கருப்பொருள்: மரம், பறவை, விலங்கு, உணவு, தெய்வம், பறை, யாழ். இவற்றோடு சேர்த்து அந்த நிலத்தார் செய்யும் தொழிலையும் தொல்காப்பியம் கருப்பொருளாகவே எண்ணுகிறது. மரத்தையும் பறவையையும் எழுதுகிற அதே பட்டியலில் வேலையும் இருக்கிறது. 'இயற்கை நடை' போகிறவர் கையில் இருக்கும் பறவைப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

கூதிரைப் பாடுகிற நெடுநல்வாடையை நினைத்துப் பாருங்கள். அரசியின் அறைக்குள்ளும் போர்ப்பாசறைக்குள்ளும் நுழைவதற்கு முன், அது வெள்ளத்துக்குத் தப்பி மந்தையை மேட்டுநிலத்துக்கு ஓட்டிப்போய், குளிரில் கை காய்ச்சுகிற கோவலர்களிடம்தான் தொடங்குகிறது. மழையை முதலில் உடம்பில் வாங்குகிறவர் யார் என்று அந்தப் பாட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் இங்கேயே நின்றுவிட முடியாது. தொழிலைக் கருப்பொருள் என்று சொல்லும்போது அது நிலத்தில் தானாகப் பிறந்ததாக ஆகிவிடுகிறது. குறிஞ்சியில் பிறந்தவன் வேட்டையாடுவான், நெய்தலில் பிறந்தவன் வலை வீசுவான் என்று நிலம், பிறப்பு, தொழில் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போடும்போது அந்த முடிச்சுக்குள் சாதி வந்து உட்கார்ந்துகொள்ள வசதியாகிவிடுகிறது. திணையை மட்டும் வைத்துப் பார்த்தால் சிவகாசியில் வெடி மருந்தை இடிக்கிற கை அந்த மண்ணில் முளைத்த செடி மாதிரி தெரியும். திணை நமக்கு உழைப்பைக் காட்டித்தருகிறது, அதே வேகத்தில் அதன் வரலாற்றை மறைத்தும்விடுகிறது. இரண்டு வேலையையும் அது செய்கிறது என்ற எச்சரிக்கையோடுதான் அதைக் கையாள வேண்டும்.

அதற்கான சாவியும் மரபிலேயே கிடக்கிறது. பாலை என்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை என்ற வடிவம் கொள்கின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். இதை நான் இப்படி வாசிக்கிறேன்: வறட்சி என்பது இருக்கிற பொருளன்று, ஆகிற நிலை. ஆகிற நிலை என்றால், 'எப்போது ஆயிற்று, யாரால் ஆயிற்று?' என்று கேட்க முடியும்.

4

இந்தக் கேள்வியோடு கூதிரில் வைப்பாற்றங்கரையில் நடந்தால் என்னென்ன தெரியும்? வெம்பக்கோட்டையிலிருந்து சாத்தூர் வழியாக இருக்கன்குடி வரை என்று ஒரு தடத்தை வைத்துக்கொள்வோம். யாரும் போட்ட பாதை அன்று. ஆட்டுத்தடம், மணல் வண்டித்தடம், ஒற்றையடிப்பாதை எல்லாம் கலந்து போகும்.

வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாக மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. வெம்பக்கோட்டையில் ஓர் அணை அதைத் தடுக்கிறது. அந்த ஊர்ப் பக்கம், ஆற்றின் வடகரை மேட்டில், தமிழகத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வு தொடங்கியது. நுண்கற்கருவிகள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொருட்கள் ஆகியவற்றோடு சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. சங்கு கடல் பொருள். அது ஆற்றின் முகத்துவாரப் பக்கமிருந்து இவ்வளவு தூரம் உள்ளே வந்து, இங்கே அறுபட்டு வளையலாகியிருக்கிறது. ஆக, 'விவசாயம் பொய்த்ததால் தொழில் வந்தது' என்று சொல்லப்படும் இந்தப் பூமியில் ஆற்றங்கரையில் கைத்தொழில் பட்டறைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தன. தொழிலுக்கு வறட்சி தேவைப்படவில்லை, ஆறு தேவைப்பட்டது.

அணையைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் முதலில் கண்ணில் படுவது சீமைக்கருவேல். வேலிக்காத்தான் என்றும் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம். ஆடு மாடு நெற்றைத் தின்று போட்ட புழுக்கையிலும் சாணத்திலும் முளைத்து ஆற்றுப்படுகை முழுக்கப் பரவிவிட்டது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்றச் சொல்லி உத்தரவுகள் போட்டது. சுற்றுச்சூழல் ஆர்வலர்களுக்கு அது எதிரி மரம். ஆனால் கரையில் விறகு வெட்டுகிற பெண்களுக்கு அது அடுப்பு; மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்களுக்கு அது காசு. ஆலை மூடிக்கிடக்கிற மாதத்தில் கஞ்சிக்கு வழி அது. மரத்தை வெட்டச் சொல்கிறவர்கள் இதற்குப் பதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். 'வெட்டாதே' என்பது என் கட்சியில்லை. வெட்டிய இடத்தில் என்ன வரும், யாருக்கு வரும் என்பதுதான் கேள்வி.

கரையில் ஆவாரை பூத்திருக்கிறது. எருக்கு, நாணல், கோரை. பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் நீர்க்காகம், மீன்கொத்தி. வடக்கேயிருந்து வந்து இறங்கிய உள்ளான்கள் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். ஆள் நடமாட்டம் கண்டால் ஆள்காட்டி கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றும். தட்டான்கள் தாழப் பறக்கும். தட்டான் தாழ்ந்தால் மழை என்பது கிராமத்துக் கணக்கு. நகரத்து நடைக்காரருக்கு அது ஓர் அழகான தகவல். வெடிக்குழாய் காயப்போட்டிருக்கிறவருக்கோ ஓடிப்போய் அள்ள வேண்டிய நேரம். பறவைப் பட்டியலும் கூலிக் கணக்கும் பிரியாமல் கிடக்கிற இடம் இது.

போன கூதிரில், தீபாவளி முடிந்த வாரம், நண்பர்கள் மூன்று பேரோடு இந்தக் கரையில் கொஞ்சதூரம் நடந்தேன். சாத்தூருக்கு மேற்கே விறகுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். பட்டாசு ஆலையில் பதினைந்து வருஷ வேலை. தண்ணி வந்திருக்கே என்று சந்தோஷமாகச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "மழை பேஞ்சா எங்களுக்குச் சம்பளம் இல்ல தம்பி. பேயலேன்னா ஆத்துல தண்ணி இல்ல. ரெண்டுல எதைக் குடுன்னு சாமிகிட்டக் கேக்கச் சொல்றீங்க?" என்றார். பீஸ் ரேட் கூலி, வெயிலில் காயவைக்கிற வேலை. வெயில் இல்லையென்றால் வேலை இல்லை. ஆற்றுக்கும் ஆலைக்கும் நடுவில் மனுஷியை இப்படி எதிரெதிராக நிறுத்தி வைத்திருப்பது மழை இல்லை. கூலியைக் கணக்குப்போடுகிற முறை அது.

ஈரம் வேறொரு விதத்திலும் ஆபத்து. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறும். கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்ற விதி அதனால்தான். பீஸ் கணக்கு அவசரப்படுத்துகிறது, விதி காத்திருக்கச் சொல்கிறது. எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அவர்களில் பலர் காப்பாற்றவும் என்னவென்று பார்க்கவும் ஓடியவர்கள். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று உரிமத்தில் மூன்று படி உண்டு. உரிமம் ஒருவர் பேரில் இருக்கும். உள்ளே அறை அறையாகக் குத்தகைக்குப் போயிருக்கும். வைப்பாற்றங்கரையில் நடக்கிறவர் இந்தப் பெயர்களையும் தேதிகளையும் மரப்பெயர், பறவைப்பெயர் போலவே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சாத்தூரை நெருங்கும்போது ஆறு மாறுகிறது. மணல் அள்ளிய பள்ளங்கள், ஊர்ச் சாக்கடை, குப்பை. விருதுநகரில் கௌசிகா நதிக்கும் இதே கதைதான்: ஊர்க் கழிவைச் சுமந்துபோய்க் குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்தில் சேர்க்கிறது. மணல் என்பது ஆற்றின் தோல் மட்டுமில்லை, அதன் தொட்டியும் அதுதான். மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்துக் கரைக் கிணறுகளுக்கு மெதுவாக ஊட்டுவது மணல். அதை லாரியில் ஏற்றிய பிறகு வருகிற தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். பிறகு ஆறு 'வறண்டுவிட்டது' என்று செய்தி போடுவோம்.

இருக்கன்குடியில் வடக்கேயிருந்து வரும் அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு சேர்கிறது. இரண்டு ஆற்றுக்கும் நடுவில் மாரியம்மன் கோயில். ஆடி மாதக் கடைசி வெள்ளிக்குச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஜனங்கள் நடந்தே வருகிறார்கள். நேர்த்திக்கடன் நடை. அது வறண்ட மணலில் மழையைக் கேட்டு நடக்கிற நடை. கூதிரில் நாம் நடப்பது வந்த மழையைப் பார்க்க. இந்தக் கரைக்கு நடைப் பண்பாடு புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

5

இப்போது 'வறண்ட பூமி, அதனால் பட்டாசு' என்ற கதைக்கு வரலாம். பள்ளிக்கூட வாத்தியாரிலிருந்து ஆலை முதலாளி வரை எல்லோரும் சொல்வது இது. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, விவசாயம் கிடையாது, ஆகவே தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே 'இயல்பாக' வளர்ந்தன.

விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக ஏறக்குறைய 800 மி.மீ. அதில் சுமார் பாதி வடகிழக்குப் பருவமழையில், அதாவது இந்தக் கூதிரில் விழுகிறது. லண்டன் நகரத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 600 மி.மீ. தான். அங்கே அது வருஷம் முழுக்கத் தூறுகிறது, வெயிலும் குறைவு. இங்கே சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்ச மாதங்களில் வெயில் அதை உறிஞ்சுகிறது. ஆகவே இங்கே தண்ணீர் இருப்பதும் இல்லாததும் மழையை மட்டும் பொறுத்ததில்லை. கொட்டுவதைப் பிடித்துவைக்கிற வேலையைப் பொறுத்தது. அந்த வேலையின் பெயர் கண்மாய். ஓடை, வரத்துக்கால், மடை, கலுங்கு, தூர் எடுத்தல் என்று அது ஒரு பெரிய உழைப்பு ஏற்பாடு.

அந்த உழைப்பையும் புனிதப்படுத்த வேண்டாம். குடிமராமத்து என்று இப்போது பெருமையாகச் சொல்கிறோம். 2017 வாக்கில் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டார்கள்: கரை உடையும் ஆபத்து வந்தால் ஊரில் உள்ள உழைக்கும் சாதியாரை வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தலாம். மடையில் தண்ணீர் யாருக்கு முதலில் என்பதும் யார் சேற்றில் இறங்குவது என்பதும் சாதி வரிசைப்படிதான் நடந்தன. சோ. தர்மனின் 'சூல்' (2016) ஒரு கண்மாயின் வாழ்வையும் அழிவையும் நாவலாக்கியது. அதில் நீரும் மனுஷ உறவும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. வறட்சி ஆனது எப்படி என்று கேட்கிறவர் படிக்க வேண்டிய பிரதி அது.

தொழிலின் பக்கமும் இப்படித்தான். 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே நேரத்தில் 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி உயர்ந்ததும், 1923இல் ஸ்வீடன் முதலீட்டில் விம்கோ வந்ததும், 1934இல் கலால் வரி வந்ததும், பின்னர் கைத்தொழில் ஆலைகளுக்கு அதில் சலுகை கிடைத்ததும் அந்தக் கதையில் வருவதில்லை. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றதும் வருவதில்லை. வரிக்கொள்கை, வியாபாரச் சாதியின் கடன் வலைப்பின்னல், மலிவாகக் கிடைத்த பெண்கள், குழந்தைகளின் கை ஆகியவற்றால் கட்டப்பட்டது இந்தத் தொழில். வறட்சி மட்டும் காரணம் என்றால் பக்கத்து ராமநாதபுரமும், ராயலசீமையும் ஏன் சிவகாசி ஆகவில்லை?

குழந்தைகளின் கை என்று சொன்னேன். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10இல் அது பற்றித் தீர்ப்பளித்தது. அதே காலத்தில் பூமணி தீப்பெட்டி ஆலைக் குழந்தைகளைப் பற்றி எடுத்த படத்தின் பெயர் 'கருவேலம் பூக்கள்'. கரிசல் மரத்தின் பூவை ஆலைக்குப் போகிற பிள்ளைக்குப் பெயராக வைக்கிறார். கருப்பொருளை உழைப்பின் வரலாற்றோடு சேர்த்து வாசிப்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆக, வறட்சியும் ஆனது, தொழிலும் ஆனது. இரண்டையும் 'இயற்கை' என்று சொல்கிறபோது கூலியும் பாதுகாப்பும் பேச்சுக்கு அப்பால் போய்விடுகின்றன. வெயிலோடு யார் பேரம் பேச முடியும்? வெயிலின் பெயரால் கூலி போடுகிறவரோடு பேசலாம்.

6

எந்த ஆற்றுக்கும் 'கரையை அழகுபடுத்தும்' திட்டம் ஒருநாள் வரும். வைப்பாற்றுக்கும் வரலாம். நடைபாதை, புல்வெளி, விளக்கு, கம்பிவேலி. அதை ஒரேயடியாக எதிர்ப்பது சரியில்லை. சாத்தூரிலும் விருதுநகரிலும் ஒரு பெண் சாயங்காலம் பயமில்லாமல், காரணம் சொல்லாமல், சும்மா நடந்துவர ஓர் இடம் உண்டா? விடியுமுன் ஆலை வேனுக்காக நடப்பது, விறகுக்கு நடப்பது, கோயிலுக்கு நடப்பது என்று அவள் நடைக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தாக வேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் நடக்கும் உரிமை சின்ன உரிமை அன்று. இயற்கையை ரசிப்பது வசதியானவர்கள் வேலை என்று நம் தோழர்கள் சொல்லும்போது இதை மறந்துவிடுகிறார்கள். உழைக்கிறவருக்கு உலாவும் ஓய்வும் வேண்டும். அதற்கு ஆலை மூடியிருக்கிற மாதத்துக்கும் சம்பளம் வேண்டும்.

ஆனால் பாதை வருமுன் கேட்க வேண்டியவை சில உண்டு. கூதிரில் காடெல்லாம் வெள்ளாமை நிற்கும்போது ஆட்டுமந்தைக்கு மிஞ்சுகிற மேய்ச்சல் ஆற்றுப் புறம்போக்குதான். வேலி போட்டால் ஆடு எங்கே போகும்? விறகும் கரியும் எங்கே போகும்? கரையில் சாதிக்கொன்றாகச் சுடுகாடும் அதற்குப் போகத் தனித்தனி வழியும் இருக்கிற ஊர்களில் புதுப்பாதை எந்தத் தெருவிலிருந்து தொடங்கும், எந்தத் தெருவைத் தாண்டிப் போகும்? மணல் அள்ளுவது நிற்குமா, அல்லது பள்ளத்துக்குப் பக்கத்தில் பூச்செடி வைப்பார்களா? சாக்கடை திருப்பப்படுமா, அல்லது கண்ணுக்குத் தெரியாதபடி மூடப்படுமா? புறம்போக்கு என்றால் வரிக்கணக்குக்குப் புறத்தே, எல்லோர் பாடுக்கும் பொதுவில் விடப்பட்ட நிலம். அந்தச் சொல்லை வசவாக்கியது போலவே அந்த நிலத்தையும் ஆளில்லாத நிலமாக்கிவிட முடிகிறது.

பாதை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஐப்பசியில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நாள் நடக்கலாம். நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் மரம், செடி, பறவை. எதிர்ப்பக்கத்தில் அங்கே கண்ட வேலை, அதன் கூலி, அதைச் செய்கிறவர் எந்தத் தெரு. தண்ணீர் எந்த ஓடை வழியாக வந்தது, எந்தக் கண்மாய்க்குப் போகாமல் நின்றது. வெடிவிபத்து நடந்த இடம் எது, அங்கே இப்போது என்ன முளைத்திருக்கிறது. கூட வருகிறவர்களில் ஒருவராவது அந்தக் கரையில் ஆடு மேய்த்தவராகவோ ஆலைக்குப் போனவராகவோ இருக்கட்டும். பெயர்கள் அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு பக்கமும் எழுதி முடித்த நோட்டு ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். கரையைப் பற்றி அதிகாரி ஒருநாள் வரைபடம் விரிக்கும்போது, அதற்கு எதிரே வைக்க நம் கையில் ஒரு தாளாவது இருக்கும்.